அறிவுக்கு எல்லை உண்டு என்றால், யார் சொல்வதையும் நம்பிவிடலாமா?

கேள்வி:

நான் கரூர் பக்கம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. அப்பா தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அம்மா ஒரு சாமியாரிடம் போய்வருகிறார். அவர் தரும் திருநீற்றுத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறாராம். அம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நான் சத்தம் போட்டால் அண்ணன் குறுக்கே வருகிறார். நிறையப் படிப்பவர். “நம்பிக்கைக்கு இடம் விடுவதற்காக அறிவை விலக்கினேன் என்று காண்ட்டே எழுதியிருக்கிறார். கணிதத்துக்கே எல்லை உண்டு என்று கோடெல் நிரூபித்துவிட்டார். கணக்கு டீச்சர் உனக்கு இது தெரியாதா?” என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. நிரூபிக்கப்படாத எதையும் ஏற்கக் கூடாது என்றுதான் இதுவரை இருந்தேன். அடுத்த மாதம் அப்பாவுக்கு வருடத் திதி. நம்பிக்கை இல்லாமல் கைகூப்பி நிற்பது பொய்யாகாதா? என் ஏழு வயது மகள், “தாத்தாதான் காக்காவா வர்றாரா?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் மாத்திரை, அப்புறம் தத்துவம். நான் மருத்துவன் அல்ல. கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அம்மாவை இந்த வாரமே அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரையைக் குறைத்ததை மறைக்க வேண்டாம். என்ன தண்ணீர் குடிக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரை ஏறியிருப்பது பலருக்கு உடம்பில் தெரிவதே இல்லை. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கோளாறு வந்த பிறகுதான் தெரியவரும். அம்மாவிடம் சாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதீர்கள். “சாமி கும்பிட்டுட்டு மாத்திரையைப் போட்டுக்கோம்மா” என்று சொன்னால் போதும். கணவரை இழந்தவருக்கு எங்கோ ஓர் இடத்தில் ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்காமலே மாத்திரையைத் திரும்பக் கொண்டுவர முடியும்.

இனி அண்ணன் சொன்னதற்கு வருவோம்.

நம்பிக்கைக்கு இடம் விடுவது பற்றிய அந்த வாக்கியம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எழுதியதுதான். அவருடைய ‘தூய அறிவின் விமர்சனம்’ 1781இல் வந்தது. 1787இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரையில் அந்த வரி இருக்கிறது. ஆனால் அதே முன்னுரையில் சில பக்கம் தள்ளி இன்னொன்றும் இருக்கிறது. தன்னுடைய விமர்சனம் எவற்றின் வேரையெல்லாம் அறுக்கிறது என்று காண்ட் அங்கே ஒரு பட்டியல் தருகிறார். பொருள்முதல்வாதம், விதிவாதம், நாத்திகம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றோடு மதவெறியும் மூடநம்பிக்கையும் இருக்கின்றன. அண்ணன் அந்தப் பக்கம் வரை போயிருந்தால், அம்மாவின் மாத்திரை விஷயத்தில் காண்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

இதைவிட நேரடியான ஒரு விஷயமும் உண்டு. காண்ட் காலத்தில் ஐரோப்பாவில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு ஞானதிருஷ்டிக்காரர் இருந்தார். ஸ்வீடன் நாட்டு இம்மானுவேல் ஸ்வீடன்போர்க். சாதாரண ஆள் இல்லை. சுரங்கத் துறையில் பெரிய பதவியில் இருந்த விஞ்ஞானி. நடுவயதுக்கு மேல், தேவதைகளோடும் இறந்தவர்களோடும் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். 1759இல் கோதன்பர்க் நகரில் ஒரு விருந்தில் இருந்தபோது, ஸ்டாக்ஹோமில் தீப்பிடித்திருக்கிறது என்று பதறி, தீ எதுவரை வந்து நின்றது என்பதையும் சொன்னார் என்று பேச்சு பரவியது. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கில் உட்கார்ந்திருந்த காண்ட் இதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. விசாரித்தார், தெரிந்தவர்கள் மூலம் கேட்டுப் பார்த்தார், ஒரு பெண்மணிக்கு இதைப் பற்றி நீண்ட கடிதமும் எழுதினார். ஸ்வீடன்போர்க்கின் எட்டுப் பெரிய தொகுதிகளை வாங்கிப் படிக்கவும் செய்தார். எல்லாவற்றையும் படித்த பிறகு 1766இல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆவிகளைக் கண்டதாகச் சொல்கிறவரின் கனவுகளும், மறுவுலகைப் பற்றித் தர்க்கத்தாலேயே பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் தத்துவவாதிகளின் கனவுகளும் ஒரே சாதி என்பதுதான் அதன் வாதம். தத்துவத்தின் உச்சியாகக் கருதப்பட்ட துறை உண்மையில் மனித அறிவின் எல்லைகளைப் பற்றிய சாத்திரம் என்ற கருத்தை அவர் எழுதியது அந்த நூலில்தான்.

‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற பெரிய நூல் வருவதற்கு 15 ஆண்டுகள் முன்பே நடந்தது இது. அறிவின் எல்லை என்ற பேச்சு காண்ட்டிடம் எந்தச் சூழலில் வந்தது என்று பாருங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து தகவல் கொண்டுவருவதாகச் சொன்ன ஒருவரை ஒழுங்காக விசாரித்த இடத்தில் வந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்பது ‘அவருக்குத் தெரியும்’ என்று ஆகாது. உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வந்த பதிலே இதுதான்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் அந்தப் பெரிய நூலில் ஓர் இடத்தைக் கொஞ்சம் விரிவாகக் காட்ட ஆசைப்படுகிறேன். உலகத்துக்குக் காலத்தில் தொடக்கம் உண்டா என்று காண்ட் கேட்கிறார். ஒரு பக்கத்தில், உண்டு என்பதற்கு நிரூபணம். இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த நிமிடத்துக்கு முன் முடிவில்லாத கணங்கள் கடந்து முடிந்திருக்க வேண்டும். முடிவில்லாத வரிசை எப்படி முடியும்? ஆகவே தொடக்கம் உண்டு. எதிர்ப் பக்கத்தில், இல்லை என்பதற்கு நிரூபணம். உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்கு முன் வெறும் காலம். வெறும் காலத்தில் ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தக் கணத்தில் தொடங்காமல் இந்தக் கணத்தில் தொடங்க என்ன காரணம்? ஒன்றும் இல்லை. ஆகவே தொடக்கம் இல்லை. இரண்டும் நீங்கள் வகுப்பில் நடத்தும் முறைதான்: எதிரானதை வைத்துக்கொண்டு முரண்பாட்டில் கொண்டுபோய் நிறுத்துவது.

வகுப்பில் இந்த இடம் வந்தால் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அனுபவத்தில் நமக்கு ஒருபோதும் கிடைக்காத ‘மொத்த உலகம்’ என்ற ஒன்றை, கையில் இருக்கும் பொருள் மாதிரி வைத்துக்கொண்டு இரண்டு பேருமே பேசுகிறார்கள் என்பது காண்ட்டின் தீர்ப்பு. கணித அறிஞர் கேண்டருக்குப் பிறகு முடிவிலியைப் பற்றிய கணிதம் மாறிவிட்டதே என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். அது நியாயமான ஆட்சேபம்தான். இன்றைய தத்துவத்தில் இந்த நிரூபணங்களை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. பெருவெடிப்பு பதில் சொல்லிவிட்டதே என்று கேட்டால், அது பேரண்டத்தின் வரலாற்றைச் சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டுபோகிறது. அதற்கு முன் ஏதாவது இருந்ததா என்ற கேள்வி இயற்பியலிலேயே இன்னும் திறந்துதான் இருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது அந்தத் தீர்ப்பின் வடிவம். எல்லை இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. கடவுள் உண்டு என்பதற்கு அன்று சொல்லப்பட்ட மூன்று பெரிய நிரூபணங்களையும் காண்ட் உடைத்தார். இல்லை என்று நிரூபித்துவிட்டேன் என்பவரையும் அதே இடத்தில் நிறுத்தினார்.

சரி, நம்பிக்கைக்கு இடம் விட்டேன் என்றாரே, அந்த இடத்தில் எதை வைத்தார்? கடவுள், மனித சுதந்திரம், ஆன்மாவின் அழியாமை: இந்த மூன்றை மட்டும். அவற்றையும் ஒழுக்கத்தின் வழியாகத்தான் கொண்டுவந்தார். அறமாக வாழ முயல்கிற மனிதன் அந்த முயற்சிக்குள்ளேயே இவற்றை எதிர்பார்த்துத்தான் நடக்கிறான் என்றார். நூலின் கடைசிப் பகுதியில் கருத்து, நம்பிக்கை, அறிவு என்று மூன்று படிகள் வைக்கிறார். கருத்து என்றால் எனக்கே முழு உறுதி இல்லை, காட்ட ஆதாரமும் போதாது. அறிவு என்றால் எனக்கும் உறுதி, யாருக்கும் காட்டலாம். நம்பிக்கை நடுவில் இருக்கிறது: எனக்கு உறுதி, ஆனால் பிறருக்குக் காட்டப் போதுமான ஆதாரம் இல்லை. அதனால் ‘கடவுள் இருப்பது உறுதி’ என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை, ‘நான் உறுதியாக இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லலாம் என்கிறார். கடவுளை நம்பிய ஒருவர் தன் வாய்க்குத் தானே போட்டுக்கொண்ட இந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே பகுதியில் உங்கள் வீட்டுக்கென்றே எழுதியது போல ஓர் உதாரணம் வருகிறது. ஆபத்தான நிலையில் ஒரு நோயாளி. மருத்துவருக்கு நோய் இன்னதென்று தெரியவில்லை, ஆனால் சும்மா இருக்க முடியாது. அறிகுறிகளைப் பார்த்து, இது காசநோய் என்று முடிவு செய்து சிகிச்சை தொடங்குகிறார். இது அறிவு அல்ல, செயலுக்காக ஏற்ற நம்பிக்கை. வேறொரு மருத்துவர் இதைவிடச் சரியாகக் கணித்திருக்கலாம் என்று அவருக்கே தெரியும். அடுத்து, ஒருவர் அடித்துச் சொல்வதில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனையும் சொல்கிறார்: பந்தயம். ஒரு பொற்காசு கட்டச் சொன்னால் தயங்காமல் கட்டுவார். பத்து கட்டச் சொன்னால் தான் தப்பாகவும் இருக்கலாம் என்பது அப்போதுதான் உறைக்கும். உங்கள் அண்ணனுக்கும் சர்க்கரை வந்து, கண் மருத்துவர் எச்சரிக்கை கொடுத்திருந்தால், தன் மாத்திரையை அந்தத் தண்ணீருக்காகப் பாதியாக்குவாரா? சண்டையாக இல்லாமல், இதை அவரிடம் உண்மையாகவே கேளுங்கள்.

‘முருகன் என்னைக் கைவிட மாட்டான்’ என்று அம்மா சொன்னால் அதைச் சோதிக்க எந்தக் கருவியும் இல்லை, வேண்டியதும் இல்லை. ‘இந்தத் தண்ணீர் சர்க்கரையை இறக்கும்’ என்பது வேறு வகைப் பேச்சு. அது முழுக்க எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு துளி ரத்தத்தில் பார்த்துவிடலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, முதலாவதற்கு நாம் தரும் மரியாதையை இரண்டாவதற்கும் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கணிதத் தர்க்க அறிஞர் கோடெல் பற்றி அதிகம் வேண்டாம். 1931இல் அவர் நிரூபித்தது, அடிப்படை எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடில்லாத, விதிகளை முறையாக வரையறுத்த எந்த அமைப்பிலும், அந்த அமைப்புக்குள் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்பது. மிகக் கடுமையான கணித நிரூபணம் அது. தன் எல்லையை அறிவு தானே கண்டுபிடித்துச் சொன்ன இடம். அதற்கும் கரூரில் ஒருவர் தரும் தண்ணீருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இனி உங்கள் பக்கம். நிரூபிக்கப்படாத எதையும் ஏற்கக் கூடாது என்றுதான் இருந்தேன் என்கிறீர்கள். இதை உங்களைவிடக் கறாராகச் சொன்னவர் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். பழைய கப்பல், பழுதுபார்க்க வேண்டியது. எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, கடவுள் காப்பாற்றுவார் என்று சந்தேகத்தை அமுக்கி, மனதாரவே நம்பி ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பியது உண்மைதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்கிறார். அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஆனால் கிளிஃபோர்ட் அங்கே நிற்கவில்லை. எங்கும், எப்போதும், யாரும், போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது தவறு என்று முடித்துவிட்டார். அதற்கு 1896இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். ஒருவர் எனக்கு நண்பராவாரா என்பதற்கு முழு ஆதாரம் கிடைக்கும் வரை நான் ஓரடியும் எடுத்துவைக்கவில்லை என்றால், அந்த நட்பு பிறக்கவே பிறக்காது. சில இடங்களில் நம்பிக்கை முன்னே போனால்தான் ஆதாரமே பின்னால் வரும். இதில் நான் ஜேம்ஸ் பக்கம். ஆனால் அவர் போட்ட நிபந்தனைகளை அவர் பெயரைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். கேள்வி அறிவால் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். தள்ளிப்போட முடியாததாக இருக்க வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு வழியும் நமக்கு உயிருள்ள வழிகளாகத் தெரிய வேண்டும். கடவுள் உண்டா என்ற கேள்வி பலருக்கு இதில் தேறும். சர்க்கரை இறங்கியதா என்பது முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர வேறொன்றையும் ஏற்க மாட்டேன் என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையரை இன்னார் என்று எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று மணிமேகலை கேட்கிறாள். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் அறியும் வழிகளை ஆறு, பத்து என்று பிறர் எண்ணுவதைச் சொல்லிவிட்டு, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். அவருக்கு உரை என்பது குற்றமற்ற இறைவனின் வாக்கு. நான் அதை இங்கே பிறர் சொல்லக் கேட்டு அறிவது என்று விரித்துக்கொள்கிறேன். நீங்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். உங்கள் பிறந்த தேதியே அம்மா சொல்லித்தானே தெரியும்? ஆகவே ‘நிரூபிக்கப்படாத எதையும்’ என்ற அளவுகோல் உங்களாலேயே ஒரு நாள் முழுக்கக் கடைப்பிடிக்க முடியாதது. அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். சொல்கிறவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், சொல்வதில் அவருக்கு ஆதாயம் உண்டா, தப்பென்றால் யார் தலையில் விடியும் என்று பார்த்து ஏற்றால் போதும். இந்த நான்கையும் அந்தச் சாமியாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

திதிக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் காண்ட்டோடு இல்லை. நல்ல நடத்தை தவிர, சடங்கு செய்து கடவுளைத் திருப்திப்படுத்தலாம் என்று மனிதன் நினைப்பதெல்லாம் மயக்கம் என்று 1793இல் மதம் பற்றிய நூலில் எழுதினார். அதற்காக மறு வருடமே பிரஷ்ய அரசரின் கண்டனத்தை வாங்கிக்கொண்டவர். பேரம் பேசும் சடங்கைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் மகள் அப்பாவை நினைத்து ஓர் இலையில் சோறு வைப்பது பேரம் அல்ல. கைகூப்புவது ஒரு கூற்றும் அல்ல, மெய் பொய் பார்ப்பதற்கு. “அப்பாவுக்கு இது போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியுமா?” என்று யாராவது கேட்டு, நீங்கள் “தெரியும்” என்றால்தான் அது பொய். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் “தெரியாது, ஆனால் செய்ய வேண்டும் போலிருக்கிறது” என்று சொல்லுங்கள். அதுவும் செய்யத் தோன்றாவிட்டால், அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்தில் நில்லுங்கள்.

மகளிடம் “ஆமாம்” என்றும் சொல்ல வேண்டாம், “அதெல்லாம் சும்மா” என்றும் சொல்ல வேண்டாம். “அம்மாச்சி அப்படி நம்புறாங்க” என்று, உங்கள் வீட்டில் அவள் பாட்டியை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படிச் சொல்லுங்கள். “எனக்குத் தெரியலைடா. தாத்தாவை நினைச்சு நாம வைக்கிறோம்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு, அதை அம்மா வெட்கப்படாமல் சொல்கிறாள் என்று ஏழு வயதிலேயே ஒரு குழந்தை கேட்பது நல்லது. அவள் அடுத்த கேள்வி கேட்பாள். அதையும் சேர்ந்து யோசியுங்கள்.

கடைசியாக, அண்ணன். அவருக்கும்தான் அப்பா போயிருக்கிறார். அம்மா எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடுகிறாரோ அதை யாரும் தட்டிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவர் காண்ட்டையும் கோடெலையும் துணைக்கு அழைக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அவரோடு தத்துவத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பரிசோதனை முடிவை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து மருத்துவர் வாயால் கேளுங்கள். சாமியாரிடம் போவதைப் பற்றி நீங்கள் இனி ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை என்று அங்கேயே அம்மாவுக்கு வாக்குக் கொடுங்கள். மாத்திரை தவறாமல் போடுவேன் என்ற வாக்கை அண்ணன் முன்னாலேயே அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.